வெறும் ஓகே

அந்தச் சீட்டில் 'பெர்ஃபெக்ட்' என்று எழுதி, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டிருந்தது. என் தங்கைக்கு. வேலைக்குச் சேர்ந்து முழுசாக இரண்டு மாதம்கூட ஆகாத என் தங்கைக்கு.

அதை எழுதிய பல் டாக்டருக்கு நான் பதினான்கு வருடமாகப் பல் செய்து அனுப்புகிறேன். ஒரு தடவைகூட எனக்கு அந்த வார்த்தை வந்ததில்லை. எனக்கு வருவதெல்லாம் 'ஓகே'. வெறும் ஓகே. அதன் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வைக்கக்கூட அந்த அம்மாவுக்கு மனசு வராது.

நாங்கள் வேலை பார்ப்பது பல் செய்யும் லேப். ஒருவருக்குப் பல் உடைந்துவிட்டால் டாக்டர் அதைச் சுற்றித் தேய்த்துச் சின்னதாக்கி, வாயை அச்செடுத்து எங்களுக்கு அனுப்புவார். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அதன்மேல் பீங்கான் மாவைத் தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, அடுப்பில் சுட்டு, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஏற்ப மெருகேற்றித் திருப்பி அனுப்புவோம். அதுதான் கேப். அதை வாயில் ஒட்டி முடித்ததும், கூடவே போன சீட்டில் டாக்டர் ஏதாவது எழுதி அனுப்புவார். 'கடி உயரம்', 'நிறம் மட்டம்', 'மறுபடி செய்யவும்' என்றெல்லாம் மற்றவர்களுக்கு வரும்போது எனக்கு மட்டும் ஓகே வந்துகொண்டிருந்தது. அதுவரை அந்த ஓகேயை நான் மெடல் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யார் செய்த பல் என்று தெரிவதற்கு, பிளாஸ்டர் அச்சின் அடியிலும் சீட்டின் மூலையிலும் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்போம். என் புள்ளி சிவப்பு. தங்கை வந்த அன்று பச்சையைத் தேர்ந்தெடுத்தாள். எந்தப் புள்ளி யாருடையது என்று டாக்டருக்குத் தெரியாது. எங்கள் முகத்தையே அவர் பார்த்ததில்லை. எங்கேயோ நாலு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறார். எங்களுக்கும் அவர் கையெழுத்து மட்டும்தான் பழக்கம்.

சீட்டைப் படித்த முதலாளி அதைக் கை கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த பலகையில் குண்டூசியால் குத்தி வைத்தார். "எல்லாரும் பாருங்கப்பா. பெர்ஃபெக்ட் வாங்கியிருக்கு புள்ள" என்றார். அன்றைக்கு நான் தேவைக்கு மேல் கை கழுவினேன்.

வீட்டுக்குப் போனதும் மகளிடம் அவளுடைய அகராதியைக் கேட்டேன். எதற்கு என்பதுபோல் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். பெர்ஃபெக்ட்: குறையற்ற, முழுமையான, அப்பழுக்கில்லாத. சரி, போகட்டும். ஓகேயைத் தேடினேன். சரி, ஏற்கத்தக்க, போதுமான. அந்தப் 'போதுமான' என்ற வார்த்தையில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினான்கு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு நான் போதுமான பல் செய்திருக்கிறேன்.

"ஏங்க, ஓகேன்னா என்னங்க அர்த்தம்?" என்று கணவரிடம் கேட்டேன். அவர் பஸ் ஓட்டுகிறவர்; நாள் முழுக்க ஹாரன் கேட்டுவிட்டு வந்து வீட்டில் எதற்கும் வாய் திறக்காதவர்.

"நான் உன்கிட்ட ஓகேன்னு சொன்னா, சண்டை வேணாம்னு அர்த்தம்."

"அப்பா சொன்னா அப்படி. நான் சொன்னா, பேச்ச முடிச்சுக்கலாம்னு அர்த்தம்" என்றாள் மகள், அகராதியைப் பிடுங்கிக்கொண்டு.

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். முதலாளி 'ஓகே ஓகே' என்று இரண்டு தடவை சொன்னால் இடத்தைக் காலி பண்ணு என்று பொருள். பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்துவிட்டால் நாம் சொல்லும் ஓகேக்குள் திட்டு ஒளிந்திருக்கும். யாரும் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்து ஓகே என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று சொன்னால் மிகை. நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும்தான் வயிறு எரிந்தது.

தங்கையை இந்த லேப்பில் சேர்த்துவிட்டது நான்தான். அவள் முன்பு வேலை பார்த்த இடத்தை மூடிவிட்டார்கள். "அக்கா, உங்க லேப்ல இடம் இருக்கா?" என்று போனில் கேட்டாள். முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே வீடும் பார்த்துக் கொடுத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியம். அவள் அப்படி இல்லை. சின்ன வயதிலும் இதே கதைதான். துணி எடுக்கப் போனால் எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரிதான் எடுப்பார்கள். ஆனால் கடைக்காரர் அவளைப் பார்த்துத்தான் சிரிப்பார். அவள் அதற்காக எதுவுமே செய்திருக்க மாட்டாள். சும்மா நின்றிருப்பாள். நான்தான் என் பாவாடையைச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருப்பேன்.

லேப்பிலும் அவள் எதையும் ஒளித்து வைத்ததில்லை. ஒரு பல்லைச் சுட்டு எடுத்ததும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வருவாள்.

"அக்கா, இது எப்படி இருக்கு, பாரேன்."

"ம்."

"நிறம் சரியா இருக்கா?"

"டாக்டர் சொல்லுவாங்க."

நான் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டேன். அவள் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவாள். மறுநாளும் வருவாள். அந்தப் பழக்கத்தை அவள் விடவே இல்லை. நானும் என் 'ம்'மை விடவில்லை.

பலகையில் பச்சைப் புள்ளிச் சீட்டுகள் ஏறிக்கொண்டே போயின. எட்டு மாதத்தில் பதினொன்று. முதலாளி எதற்காக அதைக் கை கழுவும் இடத்தில் மாட்டினாரோ, ஒரு நாளைக்கு இருபது தடவை எனக்குத் தரிசனம். என் சீட்டுகள் வழக்கம்போல் ஓகே வாங்கிக்கொண்டு ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டன.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு ஒரு பிடி இருந்தது. ஜன்னல். எங்கள் லேப்பில் ஒரே ஒரு ஜன்னல்தான் உருப்படியானது. வெயில் நேராக விழாது, ஆனால் நாள் முழுக்க வெளிச்சம் குறையாது. பல்லின் நிறத்தை டியூப்லைட்டில் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதனால் முன்பல் செய்பவருக்குத்தான் அந்த ஜன்னல் மேஜை. மற்றவர்களெல்லாம் உள்ளே டியூப்லைட்டின் கீழே கடைவாய்ப் பல் செய்வார்கள். ஒன்பது வருடமாக ஜன்னல் என்னுடையது. அங்கே என் முதுகின் அளவுக்கு நாற்காலியே வளைந்திருந்தது.

ஒருநாள் முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். முன்பல் வேலை நிறைய வருகிறது, பொறுப்பாக ஒருவர் வேண்டும் என்று ஆரம்பித்தார். அவர் குரலில் இருந்த குழைவைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"நீ சீனியர்ம்மா, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா டாக்டர் என்ன எழுதுறாங்கன்னு நீயே பார்த்துட்டுதானே இருக்க? நானா முடிவு பண்ணா தப்பாப் போயிடும். அதனால ஒண்ணு பண்ணுவோம். இப்ப ஒரு கேஸ் வந்திருக்கு, மேல் வரிசை நடுப்பல், ஒத்தப் பல். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு செய்ங்க. டாக்டர் எத வைக்கிறாங்களோ, ஜன்னல் அவங்களுக்கு."

ஒத்தை நடுப்பல்தான் எங்கள் தொழிலில் ஆளைக் கொல்வது. பக்கத்திலேயே அதன் ஜோடி, நிஜப் பல், நின்றுகொண்டிருக்கும். கொஞ்சம் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரி வங்கிக் கவுன்ட்டரில் உட்காருபவளாம். நாள் முழுக்க வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கவேண்டிய வேலை.

"எதுக்கு சார் இதெல்லாம்? அக்காவே உட்காரட்டும்" என்றாள் தங்கை.

"நீ விட்டுக் குடுத்து நான் உட்காரணுமா?" என்றேன் நான். முதலாளி 'ஓகே ஓகே' என்றார்.

ஒரே வாய் அச்சிலிருந்து இரண்டு பிளாஸ்டர் அச்சு எடுத்தார்கள். ஒன்றின் அடியில் சிவப்பு, ஒன்றில் பச்சை. மூன்று நாள் நான் யாரோடும் பேசவில்லை. இரண்டு தடவை சுட்டு எடுத்த பல்லைக் குப்பையில் போட்டேன். மூன்றாவதுதான் ஒருவழியாக அமைந்தது. தங்கை ஒரே தடவையில் முடித்துவிட்டு, வழக்கம்போல் அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, எப்படி இருக்கு?"

"போட்டின்னு வந்துட்ட பிறகு என்கிட்ட எதுக்குக் காட்டுற?"

போய்விட்டாள்.

டாக்டருக்குப் போகும் பெட்டியை எடுத்துப்போக ஆள் வருவது மூன்று மணிக்கு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் பின்பக்கம் போயிருந்தார்கள். இரண்டு அச்சும் தட்டில் ஜன்னலோரம் இருந்தன. முதல் தடவையாக அவள் பல்லை ஒழுங்காகப் பார்த்தேன். பக்கத்து நிஜப் பல்லில் இருந்த மெல்லிய வெள்ளைக் கீற்றை, டாக்டர் அனுப்பிய ஃபோட்டோவில் பார்த்து அப்படியே கொண்டுவந்திருந்தாள். ஓரத்தில் லேசான நீலம். அதற்கு உயிர் இருந்தது. பக்கத்தில் என் பல் சட்டைப் பொத்தான் மாதிரி உட்கார்ந்திருந்தது. சரியான பொத்தான். போதுமான பொத்தான்.

எனக்குத் தோற்றுவிடுவோம் என்று தெரிந்துவிட்டது. ஜன்னல் போகும். நான் டியூப்லைட்டுக்குக் கீழே போவேன். நான் பார்த்து வாங்கிக்கொடுத்த வேலையில் அவள் என் நாற்காலியில் உட்காருவாள், 'அக்கா, இது எப்படி இருக்கு' என்று அப்போதும் எழுந்து வந்து கேட்பாள்.

ஒரே வாய், ஒரே அளவு. எந்தப் பல்லும் எந்த அச்சிலும் உட்காரும். இரண்டு கேப்பையும் கழற்றி மாற்றி வைத்தேன். சிவப்பு அச்சில் அவளுடையது, பச்சை அச்சில் என்னுடையது. இரண்டு அச்சையும் பெட்டியில் வைத்து மூடி டேப் ஒட்டினேன். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது. பிறகு போய்ச் சாப்பிட்டேன். தங்கை தன் டப்பாவிலிருந்து பாதியை என் தட்டில் எடுத்து வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது. வாயில் வைத்த பல்லின் அச்சை டாக்டர் தன்னிடமே வைத்துக்கொள்வார். வைக்காததுதான் எங்களுக்குத் திரும்பி வரும். முதலாளி அனைவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சீட்டைப் பிரித்தார்.

"பச்சை. பெர்ஃபெக்ட்" என்று படித்தார். "போன் பண்ணியும் பேசுனாங்கப்பா. வச்ச பிறகு எது நம்ம பல்லுன்னு அவங்களே தேட வேண்டியதாப் போச்சாம். இன்னொண்ணு அழகா இருந்துச்சாம், ஆனா சிரிச்சா அந்தப் பல்லு மட்டும் முதல்ல தெரியுதாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பச்சை ஜெயித்துவிட்டது, திருடியும் பலனில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். நாலைந்து தட்டு தட்டிய பிறகுதான் மண்டையில் ஏறியது. பச்சை அச்சில் இருந்தது என் பல். அந்த வங்கிப் பெண்ணின் வாயில் இருப்பது என் பல். பதினான்கு வருடமாக நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை எனக்குத்தான் வந்திருக்கிறது. நானே கொண்டுபோய் அதை அவள் பெயரில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் பல்லைப் பொத்தான் என்று பார்த்தது என் கண்ணில்லை, என் பொறாமை. கண் அன்றைக்கு என்னிடம் இருக்கவே இல்லை.

"திங்கக்கிழமையிலேர்ந்து நீ ஜன்னல்ல உட்காரும்மா" என்று முதலாளி தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பெட்டிக்குள் கையை விட்டு, திரும்பி வந்த பல்லை எடுத்தாள். என்னுடையது எப்படி இருந்தது என்று பார்க்கத்தான் எடுத்திருப்பாள். ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெள்ளைக் கீற்று. அச்சைக் கவிழ்த்தாள். சிவப்புப் புள்ளி. மறுபடி பல்லைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

தான் செய்த பல்லை அடையாளம் தெரியாதவர்கள் எங்கள் தொழிலில் கிடையாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதோ சொல்லப்போகிறாள், இத்தனை பேர் நடுவில் மானம் போகப்போகிறது என்று காது இரண்டும் சூடாகிவிட்டது.

"சார், தப்பு நடந்துபோச்சு" என்றாள். "திரும்பி வந்தது என் பல்லு. அவங்க வச்சிருக்கிறது அக்காவோடது. பெட்டி கட்டுறப்ப நான்தான் அவசரத்துல மாத்தி வச்சுட்டேன்."

முதலாளியின் முகம் மாறியது. "மாத்தி வச்சுட்டியா? இது என்ன விளையாட்டுச் சாமானா? வேற வேற ஆளோட பல்லா இருந்து மாறியிருந்தா என்ன ஆகியிருக்கும்? பதினோரு சீட்டு வந்ததும் தல கால் புரியலையோ?" என்று எல்லோர் முன்னாலும் பிடி பிடி என்று பிடித்துவிட்டார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டாள். திட்டி முடித்ததும் அவர் சீட்டை என் கையில் திணித்தார். "வாங்கிட்டியேம்மா ஒருவழியா! ஜன்னல் உனக்குத்தான்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை என்று எழுதலாம்தான். திறக்கவில்லை என்பதே உண்மை. சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதும் எனக்குள் எரிந்துகொண்டுதான் இருந்தது. பல்லில் நான் ஜெயித்தேன். அவளோ ஒரே ஒரு பொய்யில் என்னைத் தரைமட்டமாக்கிவிட்டாள். இதிலும் கடைக்காரர் அவளைப் பார்த்துத்தான் சிரிப்பார்.

கை கழுவும் இடத்தில் அவளைப் பிடித்தேன். "எதுக்கு உன் மேல போட்டுக்கிட்ட?" என்று கேட்டேன். நன்றி சொல்லத்தான் போனேன். வாயிலிருந்து வந்தது இதுதான்.

"உனக்காகன்னு நினைக்காத. ஜெயிச்சது உன் பல்லு. அத வச்சு நான் எப்படி அந்த நாற்காலில உட்காருறது?" அவள் குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவாமல் நின்றாள். "ஏன் மாத்தின?"

"உன்னது நல்லா இருந்துச்சு."

அவள் சட்டென்று திரும்பினாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் அது அழுகை இல்லை, கோபம்.

"நல்லா இருந்துச்சா? அத நான் காட்டுனப்ப சொல்றதுக்கு என்ன? டாக்டர் பெர்ஃபெக்ட்னு எழுதுனா எனக்கென்ன, எழுதாட்டி எனக்கென்ன? அந்த அம்மா மூஞ்சியக்கூட நான் பார்த்ததில்ல. எட்டு மாசமா ஒவ்வொரு பல்லையும் உன்கிட்டதான தூக்கிட்டு வந்தேன்? உன் வாயிலேர்ந்து ஒரு ஓகே வாங்க முடியலக்கா என்னால. வெறும் ஓகே."

குழாயை மூடாமல் போய்விட்டாள். நான்தான் மூடினேன். தலைக்குமேலே பதினோரு சீட்டும் இருந்தன. அவள் அவற்றை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை நான் ஜன்னலில் உட்கார்ந்தேன். அவள் உள்ளே டியூப்லைட்டுக்குக் கீழே கடைவாய்ப் பல் செய்தாள். உள்ளங்கையில் பல்லை ஏந்திக்கொண்டு யாரும் என்னிடம் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை பின்னால் காலடிச் சத்தம் கேட்டு 'ம்' என்று சொல்லத் தயாராகத் திரும்பினேன்; பெட்டி எடுக்க வந்த ஆள்.

வியாழக்கிழமை நானே எழுந்து உள்ளே போனேன். அவள் அடுப்பிலிருந்து ஒரு பல்லை எடுத்து ஆறவைத்திருந்தாள்.

"காட்டு" என்றேன்.

"டாக்டர் சொல்லுவாங்க" என்றாள், தலையைத் தூக்காமல்.

பட்டது. பட வேண்டியதுதான். நானே அந்தப் பல்லை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன். அவள் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தாள். வாயின் கடைசியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் உட்காரப்போகிற பல். அதன் பள்ளங்களில்கூட நிறத்தைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தாள். என்னால் அப்படிச் செய்திருக்க முடியாது. வயிறு மறுபடியும் எரிந்தது. இது அணையவே அணையாது போலிருக்கிறது, இதை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஓகே" என்றேன். அறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முதலாளியும் கதவோரம் நின்றிருந்தார். அவருக்கும் கேட்கும்படியாகவே மிச்சத்தையும் சொன்னேன்.

"அன்னிக்கு ரெண்டையும் மாத்தி வச்சது நான்தான். வேணும்னேதான் வச்சேன். இவ இல்ல."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை அவர் பக்கம் திரும்பவே இல்லை. என் கையிலிருந்த பல்லையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எனக்குத் தெரிஞ்சதுதான்க்கா" என்றாள். "அதுக்கு முன்னாடி சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லு."